ஒற்றைச் சமக்குறி

எச்சரிக்கைகளின் வாயை அடைத்த அந்த ஒரு வரியை எழுதியவள் அவளேதான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் சொட்டு மருந்து பம்பின் புரோகிராமைச் சோதிப்பது அவள் வேலை. அந்தச் சோதனைகளும் புரோகிராம்கள்தான். அவற்றை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர், சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் மஞ்சள் எழுத்தில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். "சோதனைதானேடி, இதுவா ஆஸ்பத்திரிக்குப் போகப்போகுது?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. அதுவும் சரிதான் என்று இவள் அந்த வரியை எழுதி மஞ்சளை மறைத்துவிட்டாள். இரண்டு வருடம் ஆயிற்று.

இன்று மத்தியானம் கம்பைலரைப் புதிதாக மாற்றினார்கள். பழைய வரி அதற்குப் புரியவில்லை. மறைத்ததெல்லாம் மொத்தமாகத் திரையில் கொட்டியது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் திரைக்கு மஞ்சள் காமாலையா?"

ஒப்புக்குச் சிரித்துக்கொண்டே படித்தவள் ஏழாவது எச்சரிக்கையில் நின்றாள். இரட்டைச் சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை. இரட்டை என்றால், "நின்னுட்டியா?" என்ற கேள்வி. ஒற்றை என்றால், "நின்னுட்டதா வெச்சுக்கோ" என்ற உத்தரவு. குழாயில் காற்றுக்குமிழி வந்தால், அது நோயாளியின் ரத்தத்தில் ஏறுமுன் பம்பு நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. இத்தனை நாளும் பம்பைக் கேட்காமலே 'தேறியது' என்று பச்சை காட்டியிருக்கிறது.

இன்னொரு சமக்குறியைத் தட்டிச் சோதனையை ஓட்டினாள். சிவப்பு. மறுபடி ஓட்டினாள். சிவப்பேதான். பம்பு நிற்கவில்லை.

கீழே முப்பது பம்புகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அங்கே பொறுப்பு அவள் அண்ணனுக்கு. அவளுக்காகச் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"அண்ணா, லாரியை அனுப்பாதே," என்றாள் போனில்.

"கயிறே கட்டியாச்சும்மா. டிரைவர் ஏறி உக்காந்துட்டார். விளையாடாதே."

"குமிழி வந்தா பம்பு நிக்க மாட்டேங்குதுண்ணா. நான் கவனிக்காம விட்டுட்டேன்."



"பெரியவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? ரெண்டு பேர் வேலையும் சேர்ந்தே போகும். போய்ச் சொல்லு. வண்டியை நான் பிடிச்சு வெக்கிறேன்."

கைப்பிடியை விடாமல் மாடி ஏறினாள். கம்பெனி முதலாளியான பெரியவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. அவள் நீட்டிய தாளை இரண்டு முறை படித்தார்.

"போன மாசம் முதல் லோடா அறுபது போச்சே, அதுலயும் இதே புரோகிராம்தானா?"

லாரியை நிறுத்துவதை மட்டுமே நினைத்து வந்தவளுக்கு அது அதுவரை தோன்றவேயில்லை. ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எத்தனை ஆஸ்பத்திரி?"

"நாலு, சார்."

அவர் தொலைபேசியை எடுத்து முதல் ஆஸ்பத்திரியின் எண்களை அழுத்தினார். தப்பு. மறுபடி அழுத்தினார். அதுவும் தப்பு.

"நீயே போட்டுக் குடும்மா," என்று தொலைபேசியை நீட்டினார்.

அவள் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.