முதலில் இறங்கிய மச்சான்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இடம் தாராளமாக இருக்கிறது. படகிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு மச்சானின் கதை சொல்கிறேன். யாரும் முழுக மாட்டார்கள், பயப்படாதீர்கள்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. ஏரிப் படகுத்துறையில் எள் போட்டால் விழாத கூட்டம். அக்கரைப் பூங்காவுக்கு ஆள் ஏற்றும் படகோட்டிக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டத்தைக் கண்டு அல்ல. பெண்டாட்டியின் அண்ணன் வந்திருந்தார். இரவல் வாங்கிய ஓர் ஏணிக்காக வார்த்தை தடித்து, "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்குத் தானாகவே வந்து முன்பலகையில் உட்கார்ந்திருக்கிறார். ஒட்டவந்த உறவு மறுபடி அறுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவன் கவலையெல்லாம்.

லைஃப் ஜாக்கெட் மச்சானின் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. பெரியதாக ஒன்று தேடி எடுத்துவந்து மூன்று கொக்கியையும் அவனே மாட்டிவிட்டான். மூட்டை கட்டுகிற மாதிரி கட்டுகிறாயே என்று மச்சான் சிரித்ததும் பாதி உயிர் திரும்பியது.

கடைசியாகக் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி ஏறினார்கள். அவன் எட்டிப் பார்த்தான். படகின் பக்கவாட்டில் தீட்டியிருந்த வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. கோடு முங்கினால் ஓர் ஆள் இறங்கியாக வேண்டும். அந்தத் துறையின் வழக்கப்படி, ஓட்டுகிறவனின் சொந்தக்காரர்தான் முதலில் இறங்குவார். வெளியாளை இறங்கச் சொன்னால் சண்டைக்கு வருவார். வீட்டு ஆளிடம் அந்த வம்பு இல்லை.

ஒரு விரல்கடைதானே, காற்றும் இல்லையே என்று மனசு பேரம் பேசியது. குழந்தை அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"மச்சான், நீங்க இறங்கிக்குங்க. அடுத்த நடையில வாங்க."

மச்சான் வெடுக்கென்று எழுந்தார். இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வழக்கம் அவருக்குத் தெரியாதே என்பது, படகு கரையை விட்ட பிறகுதான் இவனுக்கு உறைத்தது.

நடு ஏரியில் சொல்லாமல் கொள்ளாமல் காற்று கிளம்பியது. அலை விளிம்பு வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனதே தவிர, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. எல்லோரையும் பத்திரமாக அக்கரையில் இறக்கிவிட்டு, அவசரமாகத் திரும்பினான்.

மச்சான் டிக்கெட் ஜன்னலருகே, அங்கே டிக்கெட் கொடுக்கும் தன் தங்கை நீட்டிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"தங்கச்சி எல்லாம் சொன்னா. சொந்தக்காரனைத்தான் முதல்ல இறக்குவீங்களாமே?"

"ஆமா மச்சான். முன்னாடியே சொல்லாம விட்டது என் தப்பு."

"அப்போ நான் உன் ஆளுதானே?"

"பின்னே யாரு?"

மச்சான் டம்ளரைத் தங்கையிடம் நீட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு படகில் ஏறினார். அந்த நடையிலும் கோடு முங்கியது. யாரும் சொல்வதற்குள் எழுந்துவிட்டார்.

"நகருங்க, நகருங்க. நான் ஓட்டுறவரோட மச்சான்" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இறங்கினார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் அக்கரையைப் பார்க்கவே இல்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

விடுமுறைக்கு உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லாரும், போன கால் நோகாமல், ஒரு தலை குறையாமல் வாசல் வந்து சேரட்டும். அவர்கள் பசிக்கு உங்கள் அடுப்பு என்றும் எரியட்டும்.