இடது காதில் எழுபத்தொரு மணி நேரம்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. சந்தேகப்பட்டவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சென்ற மாதம் கம்பியில்லாத இயர்பட்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன், காலை நடையில் பிரார்த்தனைப் பாடல்கள் கேட்க. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஆறு மணி நேரம், அவற்றை வைத்துச் சார்ஜ் ஏற்றும் கேஸோடு சேர்த்து இருபத்து நான்கு மணி நேரம், வெளிச்சத்தத்தை அடக்கும், வியர்வை தாங்கும் என்று பெட்டி முழுக்கப் பெரிய எழுத்தில் வாக்குறுதிகள். நான் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு மணி நாற்பது நிமிடத்தில் பாட்டு நின்றது. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவிதச் சந்தோஷத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் என் பட்களை ஒரு கருவியில் பொருத்தி, திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எப்பவும் சத்தத்த முழுசா வெச்சுக் கேக்கறீங்க ஐயா. வெளிச்சத்தம் அடக்கறதும் எப்பவும் ஆன்ல இருக்கு. ஆறு மணி நேரம்ங்கறது பாதி சத்தத்துக்கு. பெட்டிக்கு அடியில சின்ன எழுத்துல போட்டிருக்காங்க பாருங்க."

போட்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. பொய் பிடிக்கப் போய் அகப்பட்டதால் மட்டும் அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் என் காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. இந்த மனிதர் வீட்டில் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். (அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இனி வருகிற அவன் என் கற்பனை. அவர் நல்லவராகத்தான் இருப்பார்.)

2

முதல் தொடக்கம்: "அவன் மனைவியைச் சந்தேகித்தான்." அடித்துவிட்டேன். மூன்றே சொல்லில் நீங்கள் கட்சி கட்டிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "சாயங்கால வெயில் ஜன்னல் வழியே தையல் மெஷின்மேல் விழுந்தபோது, கேஸின் மூடி ஒரு சின்னஞ்சிறு பறவையின் அலகைப்போல" இத்துடன் நிறுத்திவிட்டேன். அது மூடி. மூடிபோல்தான் மூடும்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்: அவன் மனிதர்கள் சொல்வதை நம்புவதை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இயர்பட்கள் சொல்வதை மட்டும் நம்பினான்.

3

சர்வீஸ் சென்டரில் அவனுக்கு சிஐடி என்று பெயர். வைத்தது டோக்கன் அக்கா. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது அவள் வேலை.

ஒருநாள் ஒரு வேன் டிரைவர் வந்தார்.

"ரெண்டே நாள்ல செத்துப்போச்சு சார். சும்மாதான் வெச்சிருந்தேன்."

அவன் இடது பட்டைத் திறந்தான். உள்ளே குண்டூசித் தலை அளவில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் சிவக்கும். சிவந்திருந்தது.

"தண்ணில போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல சார். ஒரு சொட்டு படல."

"அப்ப இது தானா உக்காந்து அழுதுச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டிரைவர் காதைச் சொறிந்தார். "சட்டைப் பையில இருந்துச்சு. சட்டைய வீட்ல துவைக்கப் போட்டுட்டாங்க."

"அப்படிச் சொல்லுங்க. நீங்க மறந்தாலும் பட் மறக்காது."

அவர் போனதும் டோக்கன் அக்கா, "உங்க வீட்டுக்காரம்மா உங்களோட எப்படித்தான் காலம் தள்றாங்களோ சிஐடி," என்றாள்.

"அவங்களுக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லக்கா."

"ஒளிக்க ஒண்ணும் இல்லாத மனுசங்க யாரு? நான் என் மாமியாருக்குத் தெரியாம தினம் ரெண்டு பிஸ்கட் திங்கறேன். கண்டுபிடிங்க பாப்போம்."

(டோக்கன் அக்கா பிறகு வாசல்வரை போய் டிரைவரைக் கூப்பிட்டு, "வலது பட் உயிரோட இருக்குண்ணே. ஒத்தக் காதுலயும் கேக்கலாம். தூக்கிப் போட்றாதீங்க," என்று சொல்லி அனுப்பினாள். கதைக்கு இந்த வரி தேவையில்லை. எடுக்க மனம் வரவில்லை.)

4

அவன் மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். முன்னறை முழுக்கத் துணிச் சுருள்களும் பித்தளை வளையங்களும். வேலை செய்துகொண்டே பாட்டுக் கேட்கட்டும் என்று போன மாதம் அவன்தான் அவளுக்கு இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தான்.

ஆறு மணிக்கு அவன் பூட்டில் சாவியைத் திருப்பும்போது, உள்ளே கேஸின் மூடி டக்கென்று மூடும். முதல் வாரம் அது வெறும் ஓசை. இரண்டாம் வாரம் அவன் சாவியை மெதுவாகத் திருப்பிப் பார்த்தான். டக். வேகமாகத் திருப்பிப் பார்த்தான். டக்.

ஒரு புதன்கிழமை, அவள் குளிக்கப் போன நேரத்தில் கேஸைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனே சார்ஜ் போட்டு நான்கு விளக்குப் புள்ளியும் எரிய வைத்திருந்தான். இப்போது இரண்டு. வலது பட்டில் சத்தம் வரும் வலை கடையிலிருந்து வந்ததுபோல் பளபளத்தது. இடது பட்டின் வலையில் மெல்லிய அழுக்கும் நூல் தூசியும்.

ஒற்றைக் காதில் யாரும் பாட்டுக் கேட்பதில்லை. ஒற்றைக் காதில் பேசுவார்கள். மற்றக் காதை வாசலுக்கு விட்டு வைப்பார்கள். அவனுடைய தொழில் அவனுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது.

"சார்ஜ் எல்லாம் நிக்குதா?" என்று கேட்டான்.

"ம். நல்லா நிக்குதுங்க."

"பாட்டுதான கேக்கற?"

தையல் மெஷின் நின்றது. ஒரு மூச்சு நேரம்தான்.

"பாட்டுதான்."

மெஷின் மறுபடி ஓடியது.

(அவள் இங்கே உண்மையைச் சொல்லிவிடுவதுபோல் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இந்தப் பொய்க்குக் காரணம் எனக்கே இந்தப் பக்கத்தில் தெரியாது. நம்புங்கள். அல்லது நம்ப வேண்டாம்.)

5

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கசப்பு வந்துவிட்டது. ஒருவரைச் சேர்ந்தாற்போல் இரண்டு பக்கம் வெறுத்தால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் வழக்கம். நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் கண்மூடி இருந்துவிட்டு, அவன் பின்னால் கொஞ்சம் நடந்து போனேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். கூட இருந்தது அண்ணன். சர்வீஸ் சென்டரில் போனைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும் என்பது விதி. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க, வாடிக்கையாளரின் பட்களைச் சோதிப்பவர்கள் தங்கள் போனோடு இணைத்து, தட்டில் பாட விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அன்று அவனும் அதைத்தான் செய்தான். அண்ணன் பதினொரு முறை கூப்பிட்டான். பதினொரு முறையும் மணி, தட்டில் கிடந்த யாரோ ஒருவருடைய இயர்பட்டுக்குள் அடித்தது. கேட்க அங்கே காது இல்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பதினோரு தடவடா. பாத்துட்டுத்தான எடுக்கல?"

"மணி என் போன்ல அடிக்கலண்ணே. டெஸ்ட்டுக்கு வெச்சிருந்த பட்ல..."

"கதை விடாத."

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. அண்ணன் அதே ஊரில்தான் இருக்கிறான். பஸ்ஸில் முப்பது நிமிடம்.

உண்மையைச் சொல்லி நம்பப்படாத ஒருவன், அடுத்தவர் சொல்வதைக் கூடுதலாக நம்புவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்னை யாரும் நம்பவில்லை, நான் மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று ஆகிவிட்டது அவனுக்கு. கசப்பு எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

6

"சுத்தம் பண்ணித் தரேன்," என்று சொல்லி, மறுநாள் அவள் இயர்பட்ஸை வேலைக்கு எடுத்துப் போனான். கருவியில் பொருத்தினான்.

வலது, மூன்று மணி நேரம். இடது, எழுபத்தொரு மணி நேரம். அதில் பாட்டு மூன்று. பேச்சு அறுபத்தெட்டு.

டோக்கன் அக்கா எட்டிப் பார்த்தாள். "யாரோடது? திரையையே முறைச்சுட்டு இருக்கீங்க."

"கஸ்டமரோடதுக்கா."

இந்தக் கதையில் இது அவனுடைய இரண்டாவது பொய். கருவி எத்தனை மணி நேரம் என்று சொல்லும். யாரோடு என்று சொல்லாது. எதற்காக என்று சொல்லவே சொல்லாது. அந்த இடத்தை அவன் நிரப்ப ஆரம்பித்தான். நானும்தான். என் நோட்டில் இருப்பவை:

அ. அவன் பயப்படுகிற அதே ஆள். அரைப் பக்கம் எழுதினேன். "அவள் குரல் தாழ்ந்தது, கன்னத்தில்" என்பதோடு பேனா நின்றது. அந்தக் கன்னத்தைப் பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஆ. அவளுடைய அம்மா. மறைக்கக் காரணம் இல்லை. வாசகர் கேட்பார்.

இ. யாருமே இல்லை. அவள் கடவுளோடு பேசுகிறாள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கடவுளோடு பேச புளூடூத் தேவையில்லை.

கடைசியில், நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம், அவனும் நானும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் பட்களை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அடுத்த நாளைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தான்.

7

மதியம் மூன்று மணி. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வாசலுக்கு முதுகு காட்டி அவள் மெஷினில் இருந்தாள். மடியில் சாம்பல் நிறத் திரைத் துணி. இடது காதில் பட்.

"அவசரமே இல்ல. மெதுவா," என்றாள். அப்படி ஒரு மென்மையான குரலை அவன் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. "நான் எங்கயும் போகல. உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன். இன்னொரு தடவ."

அவன் உடம்பு சூடானது. (என்னுடையதும். நான்தான் எழுதுகிறேன், இருந்தும்.)

"யாரு அது?"

அவள் திரும்பினாள். முகம் வெளுத்தது. ஆனால் பட்டைக் கழற்றி ஒளிக்கவில்லை. அதன்மேல் விரலால் ஒருமுறை தட்டினாள். ஒரு தட்டுக்கு நம் பக்கத்துக் குரல் அந்தப் பக்கம் போகாது, இன்னொரு முறை தட்டினால் மறுபடி போகும். அடுத்தடுத்து இரண்டு தட்டினால் அழைப்பே அறுந்துவிடும்.

"கத்தாதீங்க. உங்க அண்ணன்."

"என்ன?"

"நாலு மாசத்துக்கு முன்னால பக்கவாதம் வந்துச்சு. கை கால் பரவால்ல. பேச்சு போயிடுச்சு. தினம் யாராவது கூட இருந்து ஒவ்வொரு வார்த்தையா சொல்ல வைக்கணுமாம். அண்ணி வேலைக்குப் போயிடறாங்க. எங்கிட்ட கேட்டாங்க. முதல்ல போன கழுத்துல இடுக்கிட்டுத்தான் பேசுவேன். நீங்க இத வாங்கிக் குடுத்ததும் சௌகரியமாப் போச்சு."

"ஒத்தக் காதுல ஏன்?"

அவள் அவனைப் பார்த்தாள். இதையா கேட்கிறார் என்பதுபோல. "ஊசி உடையப் போனா சத்தத்துலதாங்க தெரியும். ஒரு காது மெஷினுக்கு வேணாமா?"

அவன் ஒரு துணிச் சுருள்மேல் உட்கார்ந்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நேர்ல பாக்கப் போனப்ப அவர்தான் எழுதிக் காட்டினார். நல்லா பேச வந்தப்பறம் நானே அவன்கிட்ட பேசறேன்னு. அதுவரைக்கும் நீ சொல்லாதேன்னு." கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் தவிர, சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? பட்டை சென்டருக்குக் கொண்டு போனீங்களே, சுத்தம் பண்ணவா கொண்டு போனீங்க?"



8

பட்டைக் காதிலிருந்து எடுத்து, துணியில் துடைத்து அவனிடம் நீட்டினாள். அவன் இடது காதில் வைத்துக்கொண்டான்.

முதலில் மூச்சு. பிறகு, "ஜ... ஜன்..."

(இங்கே "தம்பி" என்ற சொல்லை வைக்க என் கை போனது. நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அன்றைய பாடத்தில் இருந்தவை கதவு, சாவி, ஜன்னல். அவ்வளவுதான்.)

பட் கீழ்க்குரலில் ஒரு தொனி எழுப்பியது. சார்ஜ் தீரப் போகிறது. இன்னும் ஏழு நிமிடம் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். ஏழு நிமிடத்துக்குள் பேசுவானா என்று உங்களைப் பதற வைக்கலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஆனால் சந்தேகப்படுகிற வாசகர் விடமாட்டார்: வலது பட் கேஸில் முழுச் சார்ஜோடு தூங்குகிறதே, போனும் மேசைமேல் இருக்கிறதே என்பார். சரிதான். இங்கே தடையாக இருப்பது பேட்டரி இல்லை.

"ஜன்... ன..."

பதினொரு முறை கூப்பிட்ட அதே குரல். இப்போது ஒரு சொல்லின் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவள் மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடி கணவனின் முகத்தையே பார்க்கிறாள். அவனுக்குள் நான்கு மாதம் தெரியாமல் இருந்ததற்காகக் கோபமும் இருக்கிறது, "கதை விடாத" என்ற அந்த வார்த்தையும் இருக்கிறது.

"ஜன்னல்," என்றான் அண்ணன்.

முழுதாக, தெளிவாக. சொல்லிவிட்டு நிறுத்தினான். ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து "சரி" என்று வரும். அது வந்தால்தான் அவனுக்குச் சரி.

தம்பியின் விரல் பட்டின்மேல் இருக்கிறது. ஒரு தட்டா, இரண்டு தட்டா என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எதை எழுதுவேன் என்று இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்குத் தெரியும். நல்லதையே எழுதிவிடுகிறவன் என்று என்மேல் உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும், அது நியாயமானதும்கூட. நான் எழுதினால் நம்பமாட்டீர்கள். நீங்களே செய்தால் நம்புவீர்கள்.

அதனால் விரலை உங்களிடம் விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். அதிகம் யோசிக்காதீர்கள். அந்தப் பக்கம் ஒருவர், சொன்னது சரிதானா என்று தெரியாமல் காத்துக்கொண்டிருக்கிறார்.