என்ஜின் மூடி

தரையிறங்கி நின்ற பிறகும் சூடு காட்டும் முள் சிவப்பை விட்டு இறங்க மனமில்லாமல் கிடந்தது. பல் டாக்டர் "சனியனே" என்று வாய்விட்டே திட்டினார். அவர் வயதில் பாதி வயதான நாலு இருக்கை விமானம். அதன் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றை மாட்டியபோதே, பாதிப் பங்குக்காரனான மச்சினன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். "விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் மாமா. இந்த உடம்பு அதுக்குத் தாங்காது." அவர் கேட்டால்தானே!

சில மாதம் புது என்ஜின் ராஜா மாதிரிதான் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் தனியாக மேலே போனான். போன வேகத்தில் திரும்பி வந்து, என்ஜின் கொதிக்கிறது என்றான். டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பைலட்டுகள் முன்னாலும் டாக்டர் அவனைப் பிடித்துக்கொண்டார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்! மூக்கைத் தூக்கி ஏத்து ஏத்துன்னு ஏத்தி, என்ஜினையே வறுத்துட்டியேடா!" அவன் சாவியை இறக்கை மேல் வைத்துவிட்டுப் போனவன்தான், அதன்பின் அக்கா வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அவளோடு போனில் பேசுவான். டாக்டர் அறைக்குள் வந்தால் அவள் குரலைத் தணித்துக்கொள்வாள்.

அன்றிலிருந்து டாக்டர் ஓட்டினாலும் அதே கொதிப்பு. மெக்கானிக் முள்ளை மாற்றினான், எண்ணெயை மாற்றினான், பெட்ரோல் பாயும் அளவைக்கூடக் கூட்டிப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை. "அவன் கெடுத்து வச்சது, லேசுல சரியாகுமா?" என்று டாக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று மனைவியும் கூட வந்திருந்தாள். திறந்துகிடந்த என்ஜினை வெறித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள்: "ஏங்க, தம்பி மேல தப்பில்லன்னு தெரிஞ்சா நீங்களே அவனக் கூப்பிட்டுச் சொல்லுவீங்களா?"

"முதல்ல தெரியட்டும். தாராளமா சொல்றேன்."

என்ஜின் ஆறிய பிறகும் ஒன்றும் பிடிபடாமல் மூடியை இறக்கப் போனார். அவள் எதிர்ப்பக்கம் வந்து இடுக்கில் கையை விட்டாள்.

"ஐயோ, கையை எடு, நசுங்கிடும்!"

"இருங்க. நீங்க மூடுறப்ப தம்பி இப்படித்தான் இழுத்து விடுவான், பாத்திருக்கேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது." என்ஜினைச் சுற்றி நின்ற ரப்பர் பட்டையை விரலால் முன்பக்கம் வளைத்துப் பிடித்து, மூடி உட்காரும் நேரத்தில் கையை உருவிக்கொண்டாள்.

விமானத்தைக் கிளப்பி மேலே ஏறினார். முள் பச்சையில் நின்றது. இன்னும் ஏறினார். அசையவில்லை. சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் உறைத்தது. பெரிய என்ஜினுக்கு இந்த மூடி இறுக்கம். ஒற்றை ஆளாய் மூடினால் பட்டை பின்னால் மடங்கிவிடும், என்ஜினைக் குளிர்விக்க வேண்டிய காற்று வீணாக மேலோடு ஓடிவிடும். அந்த ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம் எண்ணெய் பார்க்கத் திறந்துவிட்டு, அவசரத்தில் தனியாக மூடியது யார்? அவரேதான். அதை மச்சினனிடம் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு மூடியதெல்லாமும் அவர் தனியாகத்தான். இரக்கமில்லாமல் சொன்ன பழமொழி அவர் தலையிலேயே வந்து விழுந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

கீழே இறங்கியதும் மெக்கானிக் ஓடிவந்தான். "என்ன சார், சூடு இறங்கிடுச்சா? எதுல இருந்துச்சு கோளாறு?"

மனைவி விரலில் ஒட்டிய கரியைத் துணியால் துடைத்தபடி நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு ஆசை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். டீக்கடைப் பக்கம் இரண்டு பைலட்டுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லப்பா. ஒரு வயர் லூசா இருந்திருக்கு."

"வயரா?" என்றாள் அவள்.

"ம்."

அவள் துணியை மடித்துச் சக்கரத்தின் மேல் வைத்தாள். "சரி. இனிமே மூடியை நீங்களே மூடிக்குங்க."

அடுத்த வாரம் தனியாக வந்தார். ஒரு கையால் மூடியைத் தாங்கி, மறு கையை எதிர்ப்பக்க இடுக்குக்கு நீட்டினார். தோள் இடித்தது, எட்டவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் கையை எங்கே விடவேண்டும் என்று சொல்லவேண்டும், ஏன் என்று அவன் கேட்பான். டாக்டர் மூடியை அழுத்தி மூடினார். ஏறத் தொடங்கியதும் முள் மெல்ல எழுந்து சிவப்பைப் பார்த்து நகர்ந்தது. திட்டுவதற்காகப் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினார். மச்சினன் உட்காரும் அந்தக் காலி இருக்கையில் பெல்ட் இரண்டு முனையும் மாட்டாமல் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.