பதினொரு கடிதங்களும் ஜிம்மியும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் நல்லவன் போல எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது.

ஐம்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன். மண்வெட்டி பிடித்த கையில் பேனா நிற்பதில்லை.

‘1971ஆம் ஆண்டு, எல்லையில் பீரங்கிகள் முழங்க—’

(அடித்துவிட்டேன். பீரங்கியை நான் பார்த்ததில்லை. பார்த்தது தபால் பையை.)

2

எங்கள் எஸ்டேட் முதலாளியின் மகன் கர்னல் அற்புதம். சின்ன வயதில் என்னோடு காடெல்லாம் திரிந்தவர். போருக்குப் போகும்போது தன் நாய் ஜிம்மியை என்னிடம்தான் விட்டுப் போனார். ஆனால் கடிதம் எழுதியது தலைச்சோலையில் மளிகைக் கடை வைத்திருந்த தன் சிநேகிதர் சையத் இப்ராஹிம் பாய்க்கு. ஏற்காடு தபால் ஆபீசிலிருந்து எஸ்டேட் பையோடு அவற்றையும் சுமந்து வந்து கொடுத்தவன் நான். மொத்தம் பதினொன்று.

பாய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிப்பார். (இப்படி எழுதினால் அவர் கெட்டவராகிவிடுகிறார். வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்திருக்கலாம்.) மடித்து வைத்துவிட்டுக் கேட்பார்:

“ஏப்பா சின்னையா, ஜிம்மி நல்லாத் திங்குதா?”

“திங்குதுங்க.”

ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி. கடிதமும் அவருக்கு, நாயும் அவருடையதுபோல விசாரணை. பத்தாவது கடிதத்தன்று வயிறு எரிந்தது.

“ஏப்பா, ஜிம்மி—”

“செத்துப் போச்சுங்க.”

“அடடா! எப்படிப்பா?”

“நாய் சாவறதுக்கு நாள் நட்சத்திரம் பாக்குங்களா, பாய்?”

அவர் முகம் விழுந்தது. எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்தேன், ஜிம்மி வாலாட்டியது.

டிசம்பரில் தந்தி வந்தது: கர்னல் போரில் இறந்துவிட்டார். மறுநாள் பையில் பதினோராவது கடிதம் இருந்தது.

சில மாதம் கழித்து, என் பின்னால் ஓடிவந்த ஜிம்மியைப் பாய் பார்த்தார். அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்டதேயில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

3

போன வருடம் பாய் காலமானார். அவர் மகள் ஜரீனா கூப்பிட்டனுப்பி ஒரு கடிதக் கட்டைக் கொடுத்தாள்.

“அண்ணே, உங்களுக்கு இப்பப் படிக்க வருதாமில்லீங்க? அத்தா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க.”

“எப்பம்மா சொன்னாரு?”

“நொம்ப நாளாச்சுங்க. ‘அவன் படிக்கக் கத்துக்கிட்டாக் குடு. இல்லாட்டி வேண்டாம்’னாரு.”

எழுத்துக் கூட்டிப் படிக்க நான்கு நாள் ஆனது. பத்துக் கடிதங்களும் இப்படித்தான் முடிகின்றன: ‘சின்னையனைக் கேட்டு எழுது. ஜிம்மி நன்றாகத் தின்கிறதா?’

பதினொன்றில்: ‘ஜிம்மி போய்விட்டதா? இன்று சாப்பாடு இறங்கவில்லை. சின்னையனை ஒன்றும் சொல்லாதே. என்னைவிட அவன் அதிகம் அழுதிருப்பான்.’

கர்னல் கேட்கிறார் என்று பாய் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், அவருக்கும் என்மேல்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். எனக்குப் பிடித்தமான வாக்கியம் அது, அதனால்தான்.)

4

முடிவு ஒன்று: பொய் சொன்ன மறுநாளே கடைக்கு ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறேன். (கிழித்துவிட்டேன். ஓடவில்லை.)

முடிவு இரண்டு: கடைசிக் கடிதத்தையாவது பாய் எனக்குப் படித்துக் காட்டுகிறார். நான்—

ஜிம்மி இன்னும் நான்கு வருடம் இருந்தது. நன்றாகத் தின்றது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கர்னலைப் பிழைக்க வைத்தாலும் சரி. ஜிம்மி உயிரோடிருக்கிறது என்று அவருக்கு ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும். அதை மட்டும் பாய் எழுத வேண்டாம். கோணல்மாணலாக இருந்தாலும் என் கையெழுத்தில் போகட்டும்.