வலி, பத்துக்கு மூன்று

பெரியவரின் காலுறையைக் கழற்றியதும் புது டாக்டர் முகம் சுளித்தார். பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. பாதம் தப்புமா என்பது இன்றைக்கே தெரிந்தாக வேண்டுமாம்.

அந்த ஆஸ்பத்திரியில் பெரியவருடைய மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாமியாரிடம் திட்டு வாங்கியே கற்ற மொழி. அதை வைத்துத்தான் இங்கே மொழிபெயர்ப்பாளர் வேலை. ஆளுக்குப் பத்து நிமிஷம். வெளியே இன்னும் ஒன்பது பேர்.

"வலி பத்துக்கு எத்தனைன்னு கேளுங்க மேடம்."

கேட்டேன். மனிதர் கண்ணை மூடி ராகம் போட ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் இங்கே வருவது இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் இதே கச்சேரி.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு நம்பர் சொல்லுங்க."

"மூணு," என்றார் வேண்டாவெறுப்பாக.

"மூணு, டாக்டர்."

"அவ்ளோ நேரம் பேசினாரு. வெறும் மூணா?"

"அது பாட்டு, டாக்டர். வலியை நேராச் சொன்னா இவங்க ஆளுங்க அழுமூஞ்சின்னு கேலி பண்ணுவாங்க. பாட்டு கட்டித்தான் சொல்லணும். என் மாமியார் பல்வலிக்கே பதினாறு அடி பாடுவாங்க. நமக்கு வேண்டியது அதுல ஒண்ணுமில்ல."

"இருக்கட்டும், சொல்லுங்க."

கடுப்போடு, மளிகைச் சாமான் பட்டியல் படிப்பதுபோலச் சொன்னேன்:

"என் கால் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது.
முள் குத்தினாலும் எனக்குச் சேதி அனுப்புவதில்லை.
தெருவெல்லாம் பஞ்சு விரித்தவர் யார்?
நான் தரையைத் தொட்டு நாளாயிற்று."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாதத்தில் ஊசியால் குத்திக்கொண்டே மேலே போனார். பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி கணுக்காலைத் தாண்டிய பிறகுதான் காலை இழுத்தார்.

"மரத்துப்போச்சு. அதான் வலி மூணு. எப்பலேர்ந்து இப்படின்னு கேளுங்க."

கேட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை; இருந்திருந்தால் தேவலை.

"முதல் நாளே உன்கிட்ட பாடினேனேம்மா. அப்போ விரல் சும்மா சிவந்துதான் இருந்துச்சு."

இதற்கு முன் வந்த மூன்று தடவையும் 'வலி மூன்று' என்று எழுத வைத்தது இந்த வாய்தான். மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். காலுறையைக்கூட யாரும் கழற்றச் சொல்லவில்லை.

"என்ன சொல்றார்?" என்றார் டாக்டர்.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் என்னைத் திருத்த ஆள் கிடையாது.

"முதல் நாளே சொன்னாராம், டாக்டர்," என்றேன். "நான்தான் சொல்லல."