முற்றத்தில் தூக்கிய கை

கரிசல்பட்டி பஞ்சாயத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கூட்டமெல்லாம் பிரசிடெண்ட் உச்சிமாகாளி வீட்டுக் கூடத்தில்தான். பிரசிடெண்டையும் சேர்த்து எட்டு மெம்பர்கள் நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது மெம்பர் சிவனாண்டி வெளியே முற்றத்தில், ஜன்னலுக்குக் கீழே நிற்பார். தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில், ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவர். சட்டம் கொடுத்த நாற்காலியை ஊர் வழக்கம் பிடுங்கிக்கொண்டது. என்ன வழக்கமோ, எந்தப் பாவி ஏற்படுத்தினானோ!

அன்றைக்குக் காரியம் பெரிது. கீழத்தெருவுக்குக் கிணறு வெட்டுவதா, பிரசிடெண்ட் தெருவுக்கு விளக்குக் கம்பம் நடுவதா? இரண்டில் ஒன்றுதான் முடியும். கீழத்தெரு ஜனங்கள் மாடு குளிக்கிற கண்மாய்த் தண்ணீரைக் குடித்தார்கள். போன கோடையில் காலரா வந்தபோது, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் சிவனாண்டியின் மகள் பூமாரி போய்ச் சேர்ந்தாள்.

"கிணத்துக்கு யாரு யாரு?" என்றார் உச்சிமாகாளி.

கூடத்தில் மெம்பர் நல்லக்கண்ணுவும் இன்னும் மூன்று பேரும் கை தூக்கினார்கள். முற்றத்தில் சிவனாண்டியும் தூக்கினார். விளக்குக்கும் நாலு கை எழுந்தது.

"சரிக்குச் சரி. அப்படின்னா பிரசிடெண்டுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. விளக்குதான்."

"அய்யா, என் கை இங்கன இருக்கு!" என்று கத்தினார் சிவனாண்டி.

"கூடத்துக்குள்ள இருக்க கையத்தாம்லே எண்ண முடியும்." சிலர் சிரித்தார்கள்.

சிவனாண்டிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். விறுவிறுவென்று படியேறிக் கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"ஏலே! யாரு வீட்டுக்குள்ள வந்திருக்கன்னு தெரியுதா?"

"உங்க வீட்டுக்கு வரல அய்யா. கூட்டத்துக்கு வந்திருக்கேன்."

நல்லக்கண்ணு பதறி எழுந்தார். "சிவனாண்டி, நீ வெளிய போ. உனக்காவத்தான நாங்க கை தூக்குனோம்? நாங்க பேசிக்கிடுதோம்."

"தூக்குனீங்க, சரி. இம்புட்டு நாளும் நான் வெயில்ல நின்னேனே, அவனயும் உள்ள கூப்பிடுங்கன்னு ஒரு நாளாவது வாயத் தொறந்தீகளா? எனக்காவ எரக்கப்பட வேண்டாம் அய்யா. என் கைய எண்ணுங்க!"

நல்லக்கண்ணுவுக்கு முகம் தொங்கிவிட்டது. நியாயஸ்தன் என்று தன்னைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அது அந்த இடத்திலேயே செத்தது. துண்டை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்கவே போறீரு?" என்றார் உச்சிமாகாளி.

"சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு. இனிமே கூட்டம் அங்கனதான், கிணத்துக்குக் கை எண்ணுறதும் அங்கனதான். வா சிவனாண்டி."

மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். அஞ்சு பேர் படியிறங்கினார்கள்.

"என்னைய விட்டுட்டா கூட்டம் போடப் போறீங்க?"

நல்லக்கண்ணு திரும்பிப் பார்த்தார். "நீரும் வாரும், யாரு வேண்டாம்னா? ஒருத்தன வெளிய நிறுத்திட்டு நடத்துனா அது பஞ்சாயத்து இல்லவே, அநியாயம். அங்கன உமக்கும் ஒரு இடம் உண்டு, அவருக்கும் ஒரு இடம் உண்டு."