வேப்பிலை கட்டிய மூன்று நாள்

நல்லுசாமியின் முதுகில் சிவப்புத் தடிப்புகளைப் பார்த்ததுமே, ஆத்தா வந்துவிட்டாள் என்று அவர் மனைவி ஆனந்தவள்ளி தீர்மானித்துவிட்டாள். திருவானைக்காவலில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, வேறென்ன வரும்? வாசலில் வேப்பிலை கட்டினாள், தாளிப்பை நிறுத்தினாள், மாத்திரை டப்பாவைப் பரண்மேல் ஏற்றினாள். அம்மை கண்ட வீட்டில் மருந்தா?

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர். கேன்சர் வந்த கிட்னியை எடுத்தும் விடவில்லை. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வு வரை போய் நீர் கோத்துக்கொண்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே உசுப்பி நோயோடு மோதவிடும் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏறியது. இரண்டு முறை ஆகியிருந்தது.

"வள்ளி, நர்ஸ் ஜோதி அட்டை குடுத்துச்சே. தடிப்பு வந்தா, வயித்தால போனா உடனே போன் பண்ணச் சொல்லிச்சு."

"ஆத்தா இருக்கிறப்ப ஆஸ்பத்திரியா? சமயபுரத்தாளோட விளையாடாதீங்க. தலைக்குத் தண்ணி ஊத்திட்டுப் பேசிக்கலாம்."

அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. வயிற்றுப்போக்கு தொடங்கியபோதும், சூடு என்று இளநீர் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை பாத்ரூம் வாசலில் அவர் சுருண்டு விழுந்தார். அப்போதுதான் அட்டையைத் தேடினாள், பாவி.

ஜோதி போனிலேயே பதறினாள். "அம்மை இல்லம்மா. மருந்து உசுப்பின சக்தி அவர் உடம்பையே தாக்குது. உடனே கூட்டிட்டு வாங்க."

"கோவிச்சுக்காத தாயே" என்று வேப்பிலையைக் கும்பிட்டுவிட்டு, ஆனந்தவள்ளி அவரை ஆட்டோவில் ஏற்றினாள்.

பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். சவ்வில் கோத்த நீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது.

"மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆனா இனிமே குடுக்க முடியாது. குடல் புண்ணாயிடுச்சு, இருக்கிற ஒத்த கிட்னியும் அடிபட்டிருக்கு. தடிப்பு வந்த அன்னைக்கே வந்திருந்தா, அதை அடக்கிட்டு மருந்தைத் தொடர்ந்திருக்கலாம். ஏன் வரல?"



"நான்தாங்க வர மாட்டேன்னுட்டேன்" என்றார் நல்லுசாமி. "இவ தலையால அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல."

அவளுக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது. அப்படியே அதற்குள் ஒளிந்துகொள்ளலாம்தான். டாக்டர் பேனாவைத் திறந்து ஃபைலில் எழுதத் தொடங்கினார்.

"அதை எழுதாதீங்க டாக்டர்" என்றாள் ஆனந்தவள்ளி. "இவரு அன்னைக்கே போன் பண்ணச் சொன்னாரு. தடுத்தது நான்."